குவாண்டம் கணினி அறிவியல் ஆராய்ச்சிக்கு எதில் உதவும், எதில் உதவாது?

வேதியியலில் முதுநிலைப் படிப்பை முடித்து ஆராய்ச்சியில் சேர இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "குவாண்டம் கணினி வந்துவிட்டால் மருந்து, வினையூக்கி, புதிய பொருள்கள் எல்லாவற்றையும் கணினியிலேயே வடிவமைத்துவிடலாம் என்கிறார்கள். அப்படியானால் இன்றுள்ள கணக்கீட்டு முறைகளைக் கற்பதில் ஐந்து ஆண்டுகளைச் செலவிடுவது வீணா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அறிவியலில் எந்தக் கணக்குகளைக் குவாண்டம் கணினி உண்மையிலேயே எளிதாக்கும் என்பது ஒன்று. அது கைக்கு வரும்வரையிலும் வந்த பிறகும் இன்றைய முறைகளுக்கு என்ன மதிப்பு என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் தெளிந்தால் இரண்டாவதற்கும் பெரும்பாலும் தானே விடை கிடைத்துவிடும் என்பதால் முதலாவதையே விரிவாக எழுதுகிறேன். மூலக்கூறுகளின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடுவது பல ஆண்டுகளாக என் தொழில். குவாண்டம் வன்பொருளை நான் கட்டியதில்லை. அதைப் பற்றி இங்கே சொல்பவை வெளியான ஆய்வுகளைப் படித்து அறிந்தவை.

முதலில் பரவலாக உள்ள ஒரு தவறான கருத்தை நீக்கியாக வேண்டும். குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதைத் தந்துவிடும் என்று எழுதுகிறார்கள். கியூபிட் என்பது 0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட். 50 கியூபிட்டுகளின் நிலையை முழுமையாக விவரிக்க 2-இன் 50-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 11 கோடி கோடி வீச்சுகள் (ஒவ்வொரு விடையும் கிடைக்கும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் எண்கள்) தேவை என்பது உண்மைதான். ஆனால் அளந்து பார்த்ததும் கிடைப்பது 50 பிட்டுகளுக்கு மேற்படாத செய்தி. இது கருவியின் குறை அன்று. 1973-இல் கணிதவியலாளர் ஹோலெவோ நிறுவிய தேற்றத்திலிருந்து வருவது. ஆகவே பயன் கிடைக்க வேண்டுமானால், தவறான விடைகளின் வீச்சுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் சரியான விடையின் வீச்சு வலுப்பெறவும் அந்தக் கணக்குக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் கணக்கில் அப்படி ஒரு காலமுறை ஒழுங்கு இருப்பதை 1994-இல் பீட்டர் ஷோர் பயன்படுத்திக் காட்டினார். ஒழுங்கே இல்லாத தேடலுக்கு 1996-இல் லவ் குரோவர் தந்த வழிமுறை பத்து இலட்சம் முயற்சிகளை ஏறத்தாழ ஆயிரமாகக் குறைக்கிறது. அந்த வர்க்கமூல அளவைத் தாண்டி எந்தக் குவாண்டம் வழிமுறையாலும் குறைக்க இயலாது என்பதும் கணித அடிப்படையில் நிறுவப்பட்டிருக்கிறது.

அறிவியல் ஆராய்ச்சிக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், குவாண்டம் விதிகளின்படி இயங்கும் பொருள்களின் கணக்கே முதன்மையானது. 1981-இல் ரிச்சர்டு ஃபைன்மன் ஆற்றிய உரையின் சாரமும் அதுதான்: இயற்கை குவாண்டம் விதிகளில் இயங்குகிறது, ஆகவே அதைப் பாவிக்கும் (அதன் நடத்தையைக் கணக்கில் போலச்செய்து காட்டும்) இயந்திரமும் அதே விதிகளில் இயங்கட்டும். அந்த எண்ணம் கொள்கையளவில் செல்லும் என்பதை 1996-இல் செத் லாய்டு காட்டினார். இதன் தேவையை ஓர் எளிய கணக்கில் உணரலாம். ஒவ்வொரு வீச்சுக்கும் 16 பைட்டுகள் என்று வைத்தால், 30 கியூபிட்டுகளின் நிலை 17 கிகாபைட்டில் அடங்கும். நல்ல மடிக்கணினி ஒன்றே போதும். 50 கியூபிட்டுகளுக்கு 18 பெட்டாபைட்டுகள் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கியூபிட் கூடும்போதெல்லாம் தேவை இரட்டிக்கிறது. இதுவரை சொன்னதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் வேதியியலில் நாம் அன்றாடம் போடும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த வகையான சுமையைத் தருவதே இல்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகரும் விதம் சாதாரண கரிமச் சேர்மங்களில் மென்மையானது. ஒரே ஓர் எலக்ட்ரான் பங்கீட்டை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து சிறு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் சோதனைக்கு நெருக்கமான விடை வந்துவிடும். எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்தே ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக்காக வால்டர் கோனுக்கும், கணக்கீட்டு முறைகளை வளர்த்ததற்காக ஜான் போப்பிளுக்கும் 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வெற்றிக்காகத்தான். குவாண்டம் கணினிக்கு இங்கே பெரிதாக வேலையில்லை. சிக்கல் தொடங்குவது, ஏறத்தாழ ஒரே ஆற்றலுள்ள பல எலக்ட்ரான் பங்கீடுகள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் இடத்தில்.

இதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டுவது நைட்ரஜனேஸ் நொதியின் மையத்தில் உள்ள உலோகக் கொத்து. 7 இரும்பு அணுக்கள், 1 மாலிப்டினம், 9 கந்தகம், நடுவில் 1 கார்பன். வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா இதைக் கொண்டுதான் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. தொழிற்சாலையில் அதே வேலைக்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும் கடும் அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. ஒவ்வோர் இரும்பு அணுவிலும் இணைசேராத எலக்ட்ரான்கள் நான்கோ ஐந்தோ இருக்கின்றன. அவற்றின் சுழற்சிகள் (எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும் பண்பு) அண்டை இரும்பின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நிற்க முயல்கின்றன. ஆனால் ஏழும் அப்படி ஒருசேர நிறைவடைய இயலாத அமைப்பில் கிடக்கின்றன. விளைவாக, மிக நெருங்கிய ஆற்றலில் ஏராளமான நிலைகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் எது தாழ்ந்தது, வினையின் அடுத்த படியில் எது முந்துகிறது என்பதை முடிவு செய்ய மோலுக்கு 1 கிலோகலோரி அளவில் துல்லியம் வேண்டும். ஏனெனில் வினையின் ஆற்றல் தடை 1.4 கிலோகலோரி மாறினாலே அறை வெப்பநிலையில் வினைவேகம் பத்து மடங்கு மாறிவிடும். மோலுக்கு 1 கிலோகலோரி என்பது, அணு அளவில் பயன்படும் ஆற்றல் அலகான ஹார்ட்ரீயில் 0.0016. இந்தக் கொத்தின் மொத்த எலக்ட்ரான் ஆற்றலோ பத்தாயிரம் ஹார்ட்ரீக்கும் மேல். ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு துல்லியத்தைத் தேடுகிறோம் என்று பொருள். அடர்த்திச் சார்புக் கோட்பாட்டில் எந்தச் சார்பை (அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் தோராய வாய்பாட்டை) தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறுவதை இத்தகைய உலோகக் கொத்துகளில் வேலை செய்தவர் எவரும் கண்டிருப்பார். இங்கேதான் குவாண்டம் கணினியின் தேவை உண்மையானது.

அதற்கு எவ்வளவு பெரிய கணினி வேண்டும்? 2021-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, ஆயிரத்தில் ஒரு பிழை மட்டுமே செய்யும் 40 இலட்சம் கியூபிட்டுகள் இருந்தால் இந்தக் கொத்தின் எளிமைப்படுத்திய மாதிரி ஒன்றின் ஆற்றலை நான்கு நாள்களுக்குள் கணக்கிடலாம் என்கிறது. இன்று முன்னணியில் உள்ள மீக்கடத்திக் கருவிகளில் கியூபிட்டுகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில்தான், மிஞ்சினால் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கிறது. அந்த நான்கு நாள் உழைப்பில் கிடைப்பதும் ஒரே ஓர் அணு அமைவுக்கான ஒரே ஓர் ஆற்றல். ஒரு வினையின் வழியைப் புரிந்துகொள்ள அப்படிப் பல புள்ளிகள் வேண்டும். வழி புரிந்த பிறகும் அதிலிருந்து ஒரு தொழிற்சாலை வினையூக்கியை உருவாக்குவது தனி வேலை. "குவாண்டம் கணினி உரத்தொழிலை மாற்றிவிடும்" என்ற வாக்கியத்துக்குள் இத்தனை படிகள் மறைந்திருக்கின்றன.

இலட்சக்கணக்கில் ஏன் வேண்டியிருக்கிறது என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு செயல்பாட்டில் ஆயிரத்தில் ஒரு பிழை என்றால் கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆயிரம் செயல்பாடுகளைத் தொடர்ந்து செய்தால் பிழையே நேராமல் முடிவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. ஐயாயிரம் செய்தால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். மேலே சொன்ன கணக்குக்கு அடிப்படைச் செயல்பாடுகள் நூற்றுக்கணக்கான கோடிகளில் வேண்டும். ஆகவே பிழைதிருத்தம் இல்லாமல் அங்கே போய்ச் சேர வழியே இல்லை. சாதாரண பிட்டைப்போலக் குவாண்டம் நிலையை நகலெடுத்து வைக்க முடியாது என்பது 1982-இலேயே நிறுவப்பட்டது; நகலெடுக்காமலேயே ஒரு கியூபிட்டின் செய்தியைப் பல கியூபிட்டுகளில் பரப்பிக் காக்கலாம் என்று 1995-இல் ஷோர் காட்டினார். பிழை விகிதம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால், கியூபிட்டுகளைக் கூட்டக் கூட்டக் காப்பு வலுக்கும். வரம்புக்கு மேலே இருந்தால் கூட்டுவதே கேடாக முடியும்.

அந்த வரம்பைத் தாண்டியதுதான் அண்மைக் காலத்தின் உண்மையான முன்னேற்றம் என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த 105 கியூபிட் கருவியில், காப்புக் குறியீட்டின் அளவை (கியூபிட்டுகளை அடுக்கும் சதுரத்தின் பக்கத்தை) 3, 5, 7 என்று உயர்த்தியபோது ஒவ்வொரு படியிலும் பிழை இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தது. கொள்கை வல்லுநர்கள் கால் நூற்றாண்டுக்கு முன் எழுதியது கருவியில் நடந்தது. ஆயினும் அளவு 7-இல் 101 கியூபிட்டுகள் சேர்ந்து காத்தது ஒரே ஒரு தருக்கக் கியூபிட்டை, அதாவது பல கியூபிட்டுகளில் பரப்பிக் காக்கப்படும் ஒரே ஒரு கியூபிட்டின் செய்தியை. பிழையைச் சோதிக்கும் ஒரு சுற்றுக்கு அதன் பிழை ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். வேதியியல் கணக்குக்கு அது நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழே இறங்க வேண்டும். காத்து வைத்தால் மட்டும் போதாது, அதன் மீது செயல்பாடுகளையும் நடத்தியாக வேண்டும். முடியுமா என்ற கேள்வி போய், எவ்வளவு காலமும் பொருளும் செலவாகும் என்ற கேள்வி வந்திருக்கிறது. தேவையின் பக்கமும் நிலையானது அன்று. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பியிருக்கும் 2048 பிட் மறைகுறியை உடைக்க 2 கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று 2019-இல் சொன்ன மதிப்பீடு, 2025-இல் வழிமுறைகளைச் செம்மைப்படுத்தியதாலேயே 10 இலட்சத்துக்கும் கீழே வந்தது. ஆண்டைக் குறிப்பிட்டு ஆரூடம் சொல்பவர்களை நான் நம்பாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

இனி ஐயத்துக்கு உரிய பகுதி. ஒரு மூலக்கூறின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையைக் கண்டுபிடிப்பது குவாண்டம் கணினிக்கு எளிது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை. பொதுவான வடிவில் அந்தக் கணக்கு குவாண்டம் கணினிக்கும் கடினம் என்றே கோட்பாட்டுக் கணினியியல் சொல்கிறது. நடைமுறையில், நாம் தொடக்கத்தில் கொடுக்கும் தோராய நிலை உண்மையான நிலையோடு எவ்வளவு ஒத்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சரியான விடை கிடைக்கும் வாய்ப்பு அமையும். நல்ல தோராய நிலையைத் தருவது யார்? மரபான கணினியில் ஓடும் நம்முடைய முறைகள்தாம். அவை நல்ல தோராயத்தைத் தரும் இடங்களில் பெரும்பாலும் அவையே விடையையும் நெருங்கிவிடுகின்றன; அவை தடுமாறும் இடங்களில் குவாண்டம் கணினிக்கும் நல்ல தொடக்கம் கிடைப்பது அரிதாகிறது. 2023-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதை விரிவாகப் பரிசோதித்து, இந்தக் கணக்கில் அடுக்குக்குறி அளவிலான (கணக்கு பெரிதாகப் பெரிதாக மடங்கு மடங்காகப் பெருகும்) மேம்பாடு பொதுவாகக் கிடைக்கும் என்பதற்குச் சான்று இன்னும் அமையவில்லை என்ற முடிவுக்கு வந்தது. இதனால் பயனே இல்லை என்று ஆகாது. சிறிய மேம்பாடுகூட நமக்குப் பெரிதாக அமையலாம். ஆனால் உறுதி என்ற சொல்லை இங்கே பயன்படுத்தக் கூடாது.

இதைவிட வலுவான அடித்தளம் இயக்கவியலுக்கு இருக்கிறது. ஒரு குவாண்டம் அமைப்பைத் தெரிந்த நிலையில் வைத்து, நேரம் செல்லச் செல்ல அது எப்படி மாறுகிறது என்று கேட்டால், தொடக்க நிலையைத் தேடும் தொல்லை இல்லை. நேரத்தோடு துகள்களுக்கு இடையிலான குவாண்டம் பின்னல் (ஒன்றைத் தனியே விவரிக்க இயலாதபடி அவற்றின் நிலைகள் பிணைவது) வளர்வதால் மரபான முறைகள் விரைவில் திணறுகின்றன. குவாண்டம் கணினிக்கோ அது இயல்பான வேலை. ஒளி பட்டதும் பொருளில் ஆற்றல் எப்படிப் பாய்கிறது, திடீரென்று குலைக்கப்பட்ட காந்த அமைப்பு எப்படிச் சமநிலைக்குத் திரும்புகிறது என்பன போன்ற கேள்விகளில்தான் முதல் அறிவியல் பலன் வரும் என்று எதிர்பார்க்கிறேன். உண்மையில் ஒரு பங்கு வந்தேவிட்டது. பொதுக் கணினியாக இல்லாமல், ஒரு குறிப்பிட்ட குவாண்டம் அமைப்பைப் பாவிப்பதற்காகவே லேசர் ஒளியில் அணுக்களை அடுக்கும் கருவிகள் 2002 முதலே இயற்பியலுக்குப் பயன்பட்டு வருகின்றன. 2017-இல் ஹார்வர்டில் 51 ருபீடியம் அணுக்களை வரிசையாக நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒன்றைக் கிளர்வித்து விட்டபோது, அந்த அமைப்பு எதிர்பார்த்தபடி உடனே குழப்பநிலைக்குச் சென்று ஓயாமல், தொடக்க நிலைக்கு மீண்டும் மீண்டும் திரும்பி ஊசலாடியது. கோட்பாட்டாளர்கள் அதற்கு விளக்கம் தேடிப் போனதில் ஒரு புதிய ஆய்வுக் களமே பிறந்தது. எவரும் கேட்டிராத கேள்வியைக் கருவி எழுப்பியது என்பதால், வேகச் சாதனை அறிவிப்புகளைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

வேகச் சாதனைகளின் வரலாறு உங்களுக்குப் பயன்படும் பாடம். 2019-இல் கூகுளின் 53 கியூபிட் கருவி 200 விநாடிகளில் செய்த வேலைக்கு மீக்கணினிக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் என்றார்கள். இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் உடனே மறுத்தது. சில ஆண்டுகளில் 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு ஏறத்தாழ 15 மணி நேரத்தில் அதே வகைக் கணக்கை ஒரு குழு முடித்துக் காட்டியது. 2023-இல் ஐபிஎம் 127 கியூபிட்டுகளில் ஒரு காந்த மாதிரியைப் பாவித்தபோது, சில வாரங்களுக்குள் மடிக்கணினியிலேயே அதை இன்னும் துல்லியமாகச் செய்ய வழி கண்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. சவால் வந்ததால் மரபான வழிமுறைகள் கூர்மை பெற்றன. ஒப்பிடப்படும் எதிராளி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அறிவிப்புகளைப் படிப்பது எளிதாகும்.

பிழைதிருத்தம் இல்லாத இன்றைய கருவிகளிலேயே மூலக்கூறுகளைக் கணக்கிடலாம் என்று 2014 முதல் பரவிய மாறுபாட்டு முறை (சுற்றின் அளவுருக்களை மாற்றி மாற்றி ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போகும் வழி) சிறிய மூலக்கூறுகளைத் தாண்டிப் பெரிதாகச் செல்லவில்லை. ஆற்றலை மீண்டும் மீண்டும் அளந்து சராசரி எடுக்கும் முறையில் இன்னும் ஓர் இலக்கம் துல்லியம் வேண்டுமென்றால் நூறு மடங்கு அளவீடுகள் வேண்டும். அதோடு, கியூபிட்டுகள் கூடும்போது எந்தத் திசையில் திருத்துவது என்பதே தெரியாதபடி சரிவு மறைந்து தட்டையாகிவிடும் என்று 2018-இல் காட்டினார்கள். பெருந்தரவு, எந்திரக் கற்றல், காலநிலை மாதிரி ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நேரியல் சமன்பாடுகளுக்கு 2009-இல் வந்த அழகான குவாண்டம் வழிமுறை, தரவை உள்ளே ஏற்றுவதற்கும் விடையை முழுதாக வெளியே எடுப்பதற்கும் ஆகும் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவருக்குப் பிடிக்கக்கூடியதைக் கணித்துச் சொல்லும் பரிந்துரைக் கணக்கில் கிடைத்ததாகக் கருதப்பட்ட மாபெரும் மேம்பாட்டை, அதற்கு இணையான மரபான வழிமுறையொன்றை அமைத்து 2018-இல் யூவின் டாங் இல்லாமல் செய்துவிட்டார். இந்தத் துறைகளுக்காகக் குவாண்டம் கணினியை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டாம்.

மருந்து வடிவமைப்பைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் எவ்வளவு உறுதியாக ஒட்டும் என்பது, ஓர் அமைவில் எலக்ட்ரான் ஆற்றல் எவ்வளவு என்பதை மட்டும் பொறுத்ததன்று. புரதம் நெளிகிறது, நீர் மூலக்கூறுகள் இடம்பெயர்கின்றன, கோடிக்கணக்கான அமைவுகளின் சராசரியே நாம் தேடும் எண். அந்தச் சராசரியை எடுக்கும் வேலை மரபான மூலக்கூறு இயக்கவியலிடமே இருக்கும். உலோகம் கொண்ட நொதியின் வினைமையத்தில் மட்டும் குவாண்டம் கணினியின் விடை திருத்தமாக வந்து சேரலாம்.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருவோம். இன்றைய முறைகளைக் கற்பது வீணாகாது. குவாண்டம் கணினி வந்தாலும் எந்த ஆர்பிட்டல்களை அதனிடம் கொடுப்பது, எதை வெளியே விடுவது, தொடக்க நிலையை எப்படி அமைப்பது, வந்த விடையைச் சுற்றியுள்ள கரைப்பானோடும் வெப்பநிலையோடும் எப்படிப் பொருத்துவது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இந்த முறைகளை அறிந்தவர்தாம். அடர்த்திச் சார்புக் கோட்பாட்டோடு நிற்காமல் எலக்ட்ரான்களின் கூட்டு நகர்வைப் படிப்படியாகச் சேர்க்கும் இணைவுக் கொத்து முறையையும், கலந்து நிற்கும் பல நிலைகளைச் சுருக்கிக் கையாள 1992-இல் ஸ்டீவன் வைட் உருவாக்கிய அடர்த்தி அணி மறுஇயல்பாக்க முறையையும் கையால் ஓட்டிப் பழகுங்கள். அவற்றோடு ஒரு பருவம் ஒதுக்கிக் குவாண்டம் சுற்றுகளையும் கற்றுக்கொள்ளுங்கள், நேரியல் இயற்கணிதம் தெரிந்தவருக்கு அது கடினமாக இராது. பயிற்சிக்கு இரண்டே அணுக்கள் கொண்ட குரோமியம் மூலக்கூறை எடுத்துக்கொள்ளலாம். அளவில் சிறியது, ஆனால் அதன் பிணைப்பு ஆற்றல் வளைவு பல பத்தாண்டுகளாக முறைகளைத் திணறடித்து வந்தது. ஒவ்வொரு முறையையும் அதில் ஓட்டி, எந்த இடத்தில் எந்த முறை பிடிகொடுக்காமல் போகிறது, எவ்வளவு கணினி நேரத்தைக் கூட்டினால் மீண்டும் நிலையான விடையில் வந்து ஒருங்குகிறது என்று குறித்து வாருங்கள். பிறகு உங்கள் ஆய்வில் ஒரு புதிய உலோகக் கொத்து வரும்போது, அது மரபான கணினிக்கு உட்பட்டதா, குவாண்டம் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதா என்பதை அந்தக் குறிப்புகளை வைத்தே நீங்கள் மதிப்பிடலாம்.